நீல டப்பா

ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்கும்போது தோல் மெல்லியதாகப் பார்த்து வாங்க வேண்டும் ஐயா. தடித்த தோல் சக்கரத்துக்கு அடியில் வழுக்கி ஓடிவிடும், நசுங்காது. செல்லூரில் என் மெக்கானிக் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நானே பார்த்து வாங்கி வைப்பேன். அந்த அளவுக்குக் கவனமான ஆள் நான்.

வெங்கடேஷ்பாபு என் பழைய வாடிக்கைக்காரர். தறிக்காரர்களிடம் சேலை வாங்கி மேலூர்க் கடைகளுக்குப் போடுவார். அவருடைய டீசல் வேன் புகை தள்ளியது, ஆயிலைக் குடித்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னேன். அவரோ கடையில் விற்கும் நீல டப்பா ஒன்றை வாங்கி வந்து ஆயிலோடு ஊற்றினார். தேய்ந்த இடம் தானாக அடைபடும் என்று டப்பாவில் போட்டிருந்ததாம்.

“இரும்பு வளருமா பாபு?” என்று கேட்டேன்.

“வளர வேணாம்ணே. புகை நின்னாப் போதும்.”

புகை நின்றது.

நான் பொறுமையாக இருந்தேன். மருந்து ஊற்றிய இஞ்சின் சில காலம் நடிக்கும், பிறகு மொத்தமாகப் படுத்துவிடும். ஆனால் இது படுக்கவில்லை. டீக்கடை ஆண்டிச்சாமி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “சுருளிண்ணே, பாபு வண்டி இப்பத்தான் போச்சு. பூனை கணக்கா, சத்தமே இல்ல. ஒங்க முழங்காலுக்கும் ஒரு மூடி ஊத்திப் பாக்குறது” என்பான். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மற்ற வண்டிக்காரர்களும் நீல டப்பாவோடு வர ஆரம்பித்தார்கள். பிரிக்க வேண்டிய இஞ்சின்களில் அதை ஊற்றி மூடிக்கொண்டு போனார்கள். ஊர் தவறான வழியில் போனது ஐயா. யாராவது நிறுத்த வேண்டியிருந்தது.

எனவே உண்மைக்குக் கொஞ்சம் உதவி செய்தேன். வைகை மணலைச் சலித்து ஆயிலில் போட்டேன். வேன் ஓடியது. டீசல் டேங்கில் சீனி போட்டேன். “மைலேஜ் கூடிருச்சுண்ணே” என்று பாபு வந்து சொன்னார். எனக்குப் பூந்தி வாங்கி வந்திருந்தார்.

ஆயுத பூஜை அன்று, பாபு பட்டறைக்கு வந்து என் ஸ்பானர்களுக்கு நடுவில் அந்த டப்பாவை வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார். “இதுவும் ஆயுதந்தானண்ணே” என்றார். அதில் கேலி இல்லை; உண்மையான பக்தி. கேலியாக இருந்திருந்தால் விட்டிருப்பேன்.

சூடம் காட்டி முடித்ததும் பாபுவின் வேன் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தேன். அன்றைக்கு மட்டும், இவன் வண்டிக்கு அடியில் இவ்வளவு நேரம் என்ன செய்கிறான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிரேக் பைப்பின் நட்டைத் தளர்த்தினேன். மிதிக்க மிதிக்க பிரேக் ஆயில் கசியும், கடைசியில் பிரேக் பிடிக்காது. வண்டி என்பது ஊற்றி ஓட்டுகிற பொருள் இல்லை, பிரித்துப் பார்க்க வேண்டிய பொருள் என்பது ஊருக்குப் புரிய வேண்டுமே.

பாபுவின் மனைவி ஸ்ரீலட்சுமியும் முன் சீட்டில் ஏறினார். “சீட்டு ஸ்பிரிங் குத்தும் தங்கச்சி, பஸ்ஸுல போங்க” என்று இறக்கிவிட்டேன். இரக்கம் இல்லாதவன் என்று என்னை எழுதிவிடாதீர்கள்.

“வாரேண்ணே” என்றார் பாபு. நான்கு பழமும் சுத்தமாக நசுங்கின.

நான் மொபட்டில் பின்னாலேயே போனேன். செய்த வேலையைப் பார்க்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. மாட்டுத்தாவணி தாண்டி, மேலூர் ரோட்டில், கிரானைட் ஏற்றிய லாரி ஒன்று திரும்புவதற்காக மெதுவானது. பாபு மெதுவாகவில்லை. லாரியின் ஓரத்தில் உரசி, வேன் கால்வாய்ச் சரிவில் சாய்ந்தது. நான் இறங்கிப் போவதற்குள் அவர் கதை முடிந்துவிட்டது. கண்ணாடி இல்லை, கதவு இல்லை. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. துளிப் புகை இல்லை.

கூடிய கூட்டத்தில் ஒருவன், “இஞ்சினப் பாரு மாப்ள, என்னா பதமா ஓடுது” என்றான். அப்போதுதான் எனக்குக் கண் கலங்கியது.

நட்டைத் தளர்த்தியது நான்தான். அவர் சாவார் என்று தெரிந்துதான் தளர்த்தினேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பதிலுக்கு, அந்த இஞ்சினைப் பிரித்துப் பாருங்கள். ரிங் தேய்ந்துதான் இருக்கும். பிரிக்க ஆள் இல்லையென்றால் விலங்கைக் கழற்றிவிடுங்கள், நானே பிரித்துத் தருகிறேன். ஆண்டிச்சாமி மட்டும் பக்கத்தில் நிற்க வேண்டும்.