வழிவிட்ட வண்டி

இரவு ஒன்பதே முக்கால். ஆனால் இருட்டவில்லை. அந்த ஊரில் ஜூலை மாதம் அப்படித்தான்... சூரியன் போன பிறகும் ஒரு சாம்பல் வெளிச்சம் போகமாட்டேன் என்று நிற்கும். ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய மலைப்பாதை. அதில் ஒரே ஒரு கார்.

மெழுகுவத்தியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், காற்றடிக்கிறது. தில்லியில், அதுவும் இந்த முனிர்காவில் கரண்ட் இப்போதைக்கு வராது. கிட்டே வந்து உட்காருங்கள். சொல்கிறேன்.

இது யாருக்கோ எவருக்கோ நடந்ததில்லை. நம் பிரியதர்ஷினியின் பெரியப்பா பெண் அபூர்வாவுக்கு நடந்தது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், குர்கானில் வேலை. அப்பா சந்திரமௌலி தவறிப்போய் இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அம்மா பட்டு வாசல் தாண்டுவதையே விட்டுவிட்டாள். எங்கேயாவது கூட்டிப்போனால் தேறுவாள் என்று அபூர்வாவும் கணவன் அஷ்வத்தும் பிரிட்டனில், வேல்ஸ் தேசத்தில், மலைமேல் ஒரு வீட்டை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பக்கமும் காரைவிட உயரமான புதர்வேலி. வானம் தலைக்கு மேலே நாடா மாதிரி தெரிந்தது. இலைகள் இரண்டு பக்கக் கண்ணாடியிலும் உரசின. சர்ர்... சர்ர்... போனில் சிக்னல் போய்விட்டது. முன்னாலேயே இறக்கி வைத்த மேப் மட்டும் இருந்தது. பாதை நேரே மேலே ஏறி, அந்த வீட்டு வாசலில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஒன்றும் இல்லை.

"இன்னும் எவ்ளோ தூரம்டி? பாத்ரூம் போகணும் எனக்கு" என்றாள் பின்சீட்டிலிருந்து பட்டு.

"இதோ வந்துடுத்தும்மா."

அப்போதுதான் பின்னால் ஒரு வெளிச்சம். ஏதோ வண்டி. நல்ல வேளை, இடப்பக்கம் பாதை கொஞ்சம் அகலமாக இருந்தது. இந்த மாதிரிப் பாதைகளில் ஒதுங்கி வழிவிடுவதற்கென்றே அங்கங்கே இடம் விட்டிருப்பார்கள். அஷ்வத் அதில் நுழைத்து வேலியோடு வேலியாக ஒட்டி நிறுத்தினான். இடப்பக்கக் கதவுகளைத் திறக்க முடியாது, அவ்வளவு நெருக்கம். பின்னால் வந்த கார் மெதுவாகக் கடந்தது. ஓட்டியவர் நன்றி சொல்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

"பாத்தியா மேனர்ஸ? நம்ம ரிங் ரோடா இருந்தா ஹார்ன் அடிச்சே கொன்னிருப்பான்" என்றான் அஷ்வத்.

வண்டியை வெளியே எடுக்கப் பார்த்தான். இன்னொரு வெளிச்சம். சரி, அதுவும் போகட்டும். போயிற்று. கை தூக்கியது. அதன் பின்னாலேயே இன்னொன்று... அதன் பின்னால் இன்னொன்று...

முதலில் எண்ணினார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள்.

எந்தக் காரிலும் இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. டயருக்கடியில் கல் நொறுங்குகிற சத்தம் மட்டும்தான். ஒவ்வொரு காரிலும் ஒரே ஒரு ஆள். பக்கத்து சீட் காலி. எல்லாக் கைகளும் ஒரே இடத்தில், ஒரே உயரத்துக்கு எழுந்தன. ஒருவரும் இவர்கள் பக்கம் திரும்பவில்லை. வலப்பக்கம் கையை நீட்டினால் கை போய்விடும், அப்படி உரசிக்கொண்டு போயின. பின்னால் போக முடியாது. முன்னால் போக முடியாது. இறங்க முடியாது.

அபூர்வா மேப்பைப் பார்த்தாள். பாதை அந்த வீட்டோடு முடிகிறது. இத்தனை காரும் போனதே... ஒன்றாவது திரும்பி வந்ததா?

"அஷ்வத், இவாள்லாம் எங்க போறா?"

அவன் வியர்த்த கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

பிறகு ஒரு கார் கடக்காமல் இவர்களுக்குப் பின்னாலேயே நின்றது. ஹெட்லைட்டை இரண்டு தரம் அணைத்துப் போட்டது. தில்லியில் லைட் அடித்தால் விலகு, நான் வருகிறேன் என்று அர்த்தம். அங்கே நேர்மாறு. நீங்கள் முதலில் போங்கள் என்று அர்த்தம்.

"அப்பாடா, ஒருத்தராவது விட்டாரே." அஷ்வத் கியரைப் போட்டான்.

நன்றி சொல்ல அபூர்வா திரும்பினாள். அம்மா தலைக்கு மேலே, பின்கண்ணாடி வழியாக, அந்தக் கார் தெளிவாகத் தெரிந்தது. அரக்குக் கலரில் கையில்லாத ஸ்வெட்டர். மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி.

அவளுடைய அப்பா.

ஸ்கூட்டர் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாத அப்பா. ஸ்டியரிங்மேல் ஒரு கை. இன்னொரு கையால், போ... போ... என்று காட்டினார். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்த காருக்குள் அந்துருண்டை வாசனை வந்தது. நவம்பரில் பெட்டியைத் திறந்து கம்பளி எடுக்கிறபோது வருமே, அந்த வாசனை.

அவளுக்குப் பயமே வரவில்லை. அழுகைதான் வந்தது. போ அஷ்வத், அப்பா காத்துண்டிருக்கார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கார் மெல்ல நகர ஆரம்பித்தது.

மகள் எதைப் பார்க்கிறாள் என்று பட்டுவும் திரும்பினாள். பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முன்பக்கம் திரும்பி அஷ்வத்தின் தோளைப் பிடித்தாள்.

"எடுக்காதீங்கோ மாப்பிள்ளை."

"அம்மா, அவர் நமக்கு வழி விடறார்..." என்றான் அஷ்வத்.

"ஆஃப் பண்ணுங்கோ. லைட்டையும் அணைச்சுடுங்கோ."

"அம்மா, அப்பாம்மா" என்றாள் அபூர்வா.

"திரும்பாதே. அது அவர் இல்லை."

அஷ்வத் வண்டியை அணைத்தான். பின்னால் இரண்டு தரம் வெளிச்சம். கொஞ்ச நேரம் இருட்டு. மறுபடி இரண்டு தரம். அவசரமே இல்லை அதற்கு. அதன் பின்னால் வேறு வண்டி எதுவும் இல்லை. காருக்குள் மூன்று பேரின் மூச்சுச் சத்தம். ஒரு கட்டத்தில் அடக்க முடியாமல் பட்டு உட்கார்ந்த இடத்திலேயே... அபூர்வா தெரியாத மாதிரி இருந்தாள். அம்மாவின் கை மட்டும் அஷ்வத்தின் தோளை விடவில்லை.

எங்கேயோ ஒரு ஆடு கத்தியது. வானம் வெளுத்திருந்தது. பின்னால் பார்த்தால் வெறும் பாதை.

மேலே போனார்கள். வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கல் சுவர், அப்பால் செங்குத்தான பாறைச் சரிவு. கீழே பனிமூட்டம். வாசல்வரைக்கும் பாதை நடுவே முழங்கால் உயரத்துக்குப் புல் முளைத்திருந்தது. இவர்கள் வண்டிக்கு முன்னால் ஒரு புல்கூட மடிந்திருக்கவில்லை.

தில்லிக்குத் திரும்பிய பிறகு அதைப்பற்றி மூன்று பேருமே பேசவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டு கிட்வாய் நகர் வீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது அபூர்வா மெதுவாகக் கேட்டாள்.

"எப்படிம்மா தெரிஞ்சுது உனக்கு? அப்படியே அப்பா மாதிரிதானே இருந்தது?"

பட்டு நிமிரவில்லை. பட்டாணி ஒவ்வொன்றாகப் பாத்திரத்தில் விழுந்தது.

"சரோஜினி நகர் மார்க்கெட்ல, அந்தக் கூட்டத்துல, என்னை விட்டுட்டு விறுவிறுன்னு போயிண்டே இருப்பார் உங்கப்பா. வரேனா, தொலைஞ்சேனான்னு ஒரு நாள் திரும்பிப் பார்த்ததில்லை. கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான். அவராவது, எனக்காக நின்னு வழி விடறதாவது..."

ஒரு தோலைக் கிள்ளிப் போட்டாள்.

"அதுக்கு உங்கப்பா முகம் தெரிஞ்சிருந்ததுடி. உங்கப்பாவைத் தெரியலை."