அழித்த பூட்டு

செத்துப்போனவரை நடுராத்திரி எழுப்பி வேலை வாங்கிய ஒரே ஆள் இந்தப் பூமியில் நம் பக்கத்து வீட்டுக்காரரின் மருமகன்தான். சத்தியம். அதோ, சுவரோரம் கொட்டாவி விடுகிறாரே வாட்ச்மேன் மாமா, அன்று ஆஸ்பத்திரியில் காவலுக்கு இருந்தவரே அவர்தான்.

"நான் தூங்கிட்டிருந்தேன். கதை விடாதீங்க" என்கிறார் மாமா.

சரி, தூங்கியதாகவே இருக்கட்டும்.

மணி இரண்டு பத்து. ஆளில்லாத புறவழிச்சாலை. மருமகன் காரை விரட்டுகிறான். செய்த தப்பு அப்படி.

அவன் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி சர்வர் கம்ப்யூட்டருக்குள் வீட்டிலிருந்தே நுழைய, பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிமுறை வைத்தான். பூட்டு சர்வரில், சாவி அவன் லேப்டாப்பில். அங்கே பழைய பூட்டு ஒன்று கிடந்தது... மூன்று மாதம் முன் இறந்த பெரியவருடையது. அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். 'செத்தவருக்கு எதுக்குப் பூட்டு' என்று அழித்தான். பாஸ்வேர்டு வழியையும் அடைத்தான். திரையில் இன்னொரு ஜன்னல் திறந்து, புதுச் சாவி வேலை செய்கிறதா என்று பார்க்காமலே, இருந்த ஜன்னலை மூடினான். பார்த்துவிட்டு மூடு என்பது பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன பாடம்.

மறுபடி நுழையப் போனால்... அனுமதி இல்லை. பூட்டு என்பது ஒரு நீள எழுத்து வரிதான்; அதை சர்வரில் ஒட்டும்போது ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

வேலைக்காக நோயாளிகள் பதிவேட்டையும் நிறுத்தி வைத்திருந்தான். ஆறு மணிக்கு ஒரு குழந்தைக்கு இதய ஆபரேஷன். குழந்தையின் குறிப்பெல்லாம் அந்தப் பதிவேட்டுக்குள்.

ஆஸ்பத்திரியில் இறங்கி ஓடினால், சர்வர் அறைக்கு இரும்புக் கதவு, நடுவில் உள்ளங்கை அகலக் கண்ணாடி. கதவுச் சாவியோ வெளியூர் போன இன்ஜினியரிடம். தட்டினான். இழுத்தான். கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். உள்ளே கம்ப்யூட்டர்களின் நூறு விசிறி... இல்லை, ஆயிரம் என்றே வையுங்கள்... ஊங்ங் என்று இரைந்தன.

சட்டென்று இரைச்சல் தணிந்தது.

கிராம்பு வாசம். பெரியவர் எந்நேரமும் கடைவாயில் அடக்கியிருந்த அதே கிராம்பு.

கண்ணாடிக்கு அப்பால் இருட்டில் திரை ஒளிர்ந்தது. டக்... டக்... டக். நாற்காலி காலி. கீபோர்டில் விசைகள் மட்டும் இறங்கி ஏறின. கடைசியாக ஒரு பலமான டக்.

லேப்டாப்பில் முயன்றான். திறந்தது. பதிவேடு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக நுழைந்தவர்... பெரியவர். நேரம் மூன்று பன்னிரண்டு. பூட்டுப் பட்டியலில் அவர் வரி முதலில். எழுத்துப் பிழை திருத்திய இவன் வரி கீழே.

"குழந்தை?" என்றது கதை கேட்டுக்கொண்டிருந்த நம் கூட்டத்தில் ஒரு குரல்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

மாமாவிடமிருந்து கொட்டாவி வரவில்லை.

"நான் தூங்கல" என்றார். "கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருந்தேன். நடந்ததெல்லாம் உண்மைதான். அவன் போனதுக்கு அப்புறம்... உள்பக்கமிருந்து யாரோ கதவைத் தட்டுனாங்க. 'இந்தத் தடவையாவது இன்னொரு ஜன்னல் திறந்து பாத்தானா?'ன்னு என்னைக் கேட்டாரு."