சூளையில் வெந்த கூறைப்புடவை

இரவு பத்தரை. முடிச்சூர் ரோடு. ஒரு பக்கம் ஏரி. மறுபக்கம், வயலை மனையாக்கி நட்ட கற்கள். தாம்பரம் ஸ்டேஷனைப் பார்த்து ஒரு பெண் தனியாக நடக்கிறாள்... அந்த ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். நம் ஸ்ரீரங்கனின் அத்தை பாலாம்பாளுக்குத் தொண்ணூற்றொன்றாம் வருஷம் நடந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அக்கா புருஷன், அத்திம்பேர் சாம்பசிவன் வீட்டிலிருந்து அப்போதுதான் வெளியேறியிருந்தாள்.

சாம்பசிவன், இன்ஷூரன்ஸ் ஆபீசில் ரிடையரான மறுநாளே செராமிக் சிற்பி ஆனவர். தோளில் ஜோல்னாப்பை, கொல்லையில் சூளை, வாயில் 'இன்மையின் இருப்பு'. அதற்கு அர்த்தம் கேட்டவர்களுக்கு இன்னொரு டம்ளர் காபி கிடைத்தது. அன்று மாலை வீட்டிலேயே கண்காட்சி. கூட்டம் கலைந்த பிறகு போய்ச் சேர்ந்த பாலாம்பாள், ஹால் நடுவில் அதைப் பார்த்தாள்.

ஒன்பது கஜப் புடவை. மடிசார்க் கட்டு. தானாகவே நின்றது. தலை இல்லை, கை இல்லை... உள்ளே ஒருத்தி இருந்த வளைவு மட்டும். முழுக்கச் சுட்ட மண்.

முந்தானையில் ஒரு தையல். கல்யாண ஹோமத்தில் பொறி பட்டு ஓட்டையான இடம். பாலாம்பாளே இழையோட்டியது.

அக்கா ஞானாம்பாள் ஆடியில் போனாள். போகுமுன் தங்கை கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றுதான்: "கூறைப்புடவை கட்டி அனுப்புடி." பாலாம்பாள் சத்தியம் செய்தாள். அன்றைக்குப் பார்த்தால் பீரோவில் புடவை இல்லை. "எங்க வெச்சாளோ, தெரியலையேம்மா" என்று அத்திம்பேர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கடைப் புடவை சுற்றி அனுப்பினார்கள்.

"இது அக்காவோடதுதானே?"

"அதேதான். களிமண் கூழ்ல முக்கி சூளையில வெச்சா துணி எரிஞ்சுடும், மண் நின்னுடும். டெல்லிக்காரா கேக்கறா, பாலா."

"நான் பீரோவைத் தேடறச்சே பக்கத்துல நின்னுண்டு அழுதேளே."

"அங்கேயும் நெருப்பு, இங்கேயும் நெருப்பு. அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், போ."

அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை.

ஏரிக்கரை வளைவில்... கிணிங்.

பீங்கான் தட்டோடு தட்டு உரசுகிற மாதிரி. நின்றாள். எதிரே இருட்டு. மறுபடி... கிணிங். முதலில் சுட்ட மண் வாடை வந்தது. பின்னாலேயே, பட்டு கருகினால் வருமே, முடி பொசுங்கிய நாற்றம்.

ஏரிக்காற்று பலமாக அடித்தது. எதிரில் வந்த உருவத்தின் முந்தானை அசையவில்லை. சாண் சாணாக அடி வைத்தது. கால் அகலவில்லை. அருகில் வந்து நின்றது. பாலாம்பாள் அதன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. புடவையைத்தான் பார்த்தாள்.

"போய்ச் சேர்ந்துதுடி, பாலா... உக்காரத்தான் முடியலை."

அவ்வளவுதான். அவளைத் தாண்டி, அவள் வந்த வழியே போயிற்று... வீட்டைப் பார்த்து. குறுக்கு வழியில் ஓடி அத்திம்பேரை எழுப்பியிருக்கலாம். பாலாம்பாள் ஸ்டேஷனைப் பார்த்தே நடந்தாள்.

காலையில் சாம்பசிவனை ஆஸ்பத்திரிக்கு வேனில் நிற்க வைத்தே கொண்டுவந்தார்களாம். முட்டி மடங்கவில்லை. உயிர் இருந்தது. பேச்சு இல்லை; இன்மை, இருப்பு எதுவும் வாயில் வரவில்லை. கண் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது.

"வேட்டி ரொம்ப இறுக்கமா கீதும்மா, தளர்த்தி வுடறேன்" என்று ஆயா எல்லம்மா அவர் இடுப்பில் கை வைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

விரலில் ரத்தம்... வேட்டிக் கரை அறுத்திருந்தது.