திருமூர்த்தி காதுக்கு வந்த உலகம்

"நாம பாக்கறது, கேக்கறது எல்லாம் மாயை, பின்னாடி இருக்கறது வெறும் குழப்பம்தானா?"ன்னு ஒருத்தர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கார். ஐயா... எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் மாட்டேன். ஆனா சின்னதா ஒரு கதை இருக்கு, கேட்டுட்டுப் போங்க.

உடுமலைப்பேட்டை பக்கம் திருமூர்த்தின்னு ஒருத்தர். மில்லு சத்தத்துலயே கிடந்து காது மந்தமாயிருச்சு. ஆனா ஆள் ஜம்முன்னு இருந்தார். வீடே அமைதி! ஏன் இருக்காது?

ஒரு நாள் மகள் பூங்கொடியைப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க. சம்சாரம் தெய்வாத்தா அவர் காதோட வாயை வெச்சு, "ஏனுங்க, பையன் கொஞ்சம் குட்டையோ?"ன்னாங்க. மனுஷன் என்ன பண்ணணும்? தலையை ஆட்டணும். இவர் கூடமே அதிர, "ஆமா, குட்டைதான்!"னுட்டார்.

வந்தவங்க காபியைக் கூடத் தொடலை. எழுந்து போயிட்டாங்க. பூங்கொடி அழுதுட்டே சொல்லிருச்சு: "இனி யாரும் என்னைப் பாக்க வர வேண்டாம்!"

காதுக்கு மிஷின் வந்துச்சு. மாட்டினார்... ஐயோ! ஃபேன், குக்கர், காக்கா, லாரி ஹாரன், பக்கத்து வீட்டு டிவி... அத்தனையும் ஒண்ணா மண்டைக்குள்ள! பிடுங்கி எடுத்துட்டு டாக்டரம்மாகிட்ட ஓடினார். "இதுவா உலகம்? அப்ப இத்தனை நாள் நான் இருந்த வீடு பொய்யா?"

அந்தம்மா சிரிச்சாங்க. "எங்க காதுலயும் இதே இரைச்சல்தான் விழுதுங்க. மனசு வேண்டியதை எடுத்துக்கிட்டு மத்ததைத் தள்ளிரும். உங்க மனசுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. கழட்டாம மாட்டியிருங்க, வந்துரும்."

மகளுக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு மாட்டியிருந்தார். கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு வரன். கூடம் பூரா சனம். ஒருத்தர் மழையைப் பேசறார், ஒருத்தர் ஜாதகத்தைப் பேசறார், குழந்தை வீறிடுது, உள்ள மிக்ஸி ஓடுது. பூங்கொடி காபி கொண்டு வருது. அப்பாகிட்ட டம்ளரை நீட்டறப்ப, உதடு அசையாம...

"அப்பா... எனக்குப் பிடிச்சிருக்குப்பா."

கேட்டுச்சுங்க! அத்தனை கூச்சலும் எங்கயோ போய், அது மட்டும் கேட்டுச்சு. தெய்வாத்தா பின்னாடி நடுங்கிட்டு நிக்கறாங்க, 'இந்த மனுஷன் இப்பக் கத்தித் தொலைக்கப் போறாரே'ன்னு. அவர் கத்தலை. ஒரு வாய் காபி குடிச்சார். கண்ணைத் துடைச்சுக்கிட்டார். மெதுவா, ரொம்ப மெதுவா, "அப்ப... தட்டு மாத்திக்கலாமுங்களா?"ன்னார்.

சீட்டு அனுப்பின ஐயா, இப்பச் சொல்லுங்க. அந்த இரைச்சல் நிஜமா? நிஜம்தான். மிக்ஸி ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? பிரபஞ்சமே அப்படி ஒரு பெரிய இரைச்சலா இருந்தாலும் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதுக்காக மகள் குரல் மாயையா? அதைப் பொறுக்கி எடுத்தது அவர் மனசு. பொறுக்கி எடுத்ததாலயே அது பொய்யாயிருமா? நாம வாழற உலகமும் அப்படிப் பொறுக்கி எடுத்ததுதான். நாம எதைப் பொறுக்கறோம்ங்கறதுதான் கேள்வி.

நம்பிக்கை இல்லையா? உங்க தலைக்கு மேல பாருங்க... இந்த மண்டபத்து ஃபேன், நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து கடகடன்னு அடிச்சுக்கிட்டு இருக்கு.

இப்பக் கேக்குதில்ல?