ராத்திரி மாத்திரை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதியின் அக்காவுக்கு நடந்தது.

இரவு எட்டு மணி. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை ஆளில்லாத ரோடு. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பூட்டிய கிடங்குகள். அக்காவும் கணவரும் நடந்து வருகிறார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். இடுப்பில் சாவிக்கொத்து... நடந்தால் கிலுங், கிலுங். வயிற்றில், முகம் தெரியாத ஒரு இறந்தவரின் சிறுநீரகம்.

பின்னால்... சளக். சளக். ஈரச் செருப்பு. மழை பெய்து மாதக்கணக்காகிறது.

திரும்பினால் யாருமில்லை. ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை மட்டும். காதருகே ஒரு குரல்.

"போட்டாச்சா?"

அவர் முகம் வெளுத்தது. "உனக்கும் கேட்டுச்சா?"

"என்னத்தைங்க போடணும்?"

அப்போதுதான் வாய் திறந்தார். ஆபரேஷன் செலவை இன்ஷூரன்ஸ் கொடுத்துவிட்டது. அந்தச் சிறுநீரகத்தை உடம்பு ஏற்க, ஆயுசு முழுக்கக் காலையும் இரவும் மாத்திரை. மாத்திரைக்கு மட்டும் இன்ஷூரன்ஸில் ஒரு வருடம்தான் பணம் கொடுத்தார்கள். அதன்பின் ராத்திரி மாத்திரையை விழுங்கியதாகச் சொல்லி, டப்பாவிலேயே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆனை வாங்கிக் குடுத்துட்டு அங்குசத்துக்குக் கையை விரிச்சா, நான் என்னடி பண்றது?" சிரிக்கப் பார்த்தார்.

அன்று முதல் அவளே கையில் கொடுத்து, விழுங்கும்வரை நகரமாட்டாள். செருப்புச் சத்தம் நின்றது. அவளுக்குத்தான் தூக்கமில்லை, எழுந்து எழுந்து டப்பாவைத் திறந்து பார்ப்பாள்.

"கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் டாக்டர். சிறுநீரகம் கைவிட்டது. பின்னாலேயே அவரும் போனார். அவர் கண்களை மட்டும் அக்கா தானமாகக் கொடுத்தாள்.

போன மாதம் மூக்குக்கண்ணாடி மாற்ற, கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்கார அம்மா. யாரோ இறந்தவரின் கருவிழியைப் பொருத்தியிருக்கிறார்கள். வாய் ஓயவில்லை.

"ஆபரேஷனுக்குக் காசு வந்துடுச்சு. சொட்டு மருந்துக்கு வரலை. அதான் ராத்திரி வேளையை விட்டுடறேன். டாக்டர்கிட்ட போட்டுக் குடுத்துடாதே, தாயி."

"ஒழுங்கா போடுங்கம்மா."

"நீயுமா? ராத்திரியானா ஒருத்தர் கதவுக்கு வெளியே நின்னு இதையேதான் கேக்கறார். போட்டாச்சா, போட்டாச்சான்னு. திறந்தா ஆளில்லை."

அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"ஈரச் செருப்புச் சத்தம் கேக்குமா?"

"செருப்பா? இல்லையே..." தையல்கார அம்மா யோசித்தாள். "சாவிக்கொத்து."