பேர் சொல்ல விரும்பாத அன்பர்

அத மட்டும் கேக்காதீங்க மேடம். வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, சொல்லுதேன். மெட்டில்டாதான் கேக்கச் சொல்லி விட்டாளா? நெனச்சேன். இல்ல இல்ல, நீங்க உக்காருங்க. என் சட்டைல குத்தியிருக்கீங்களே இந்தக் குட்டி மைக்கு, இது ஓடுதா? சரி, ஓடட்டும். மைக்குசெட்டுக்காரனுக்கே மைக்கு.

அவளுக்குப் பட்டப்பேர் வச்சது நாந்தான். இந்தக் கடற்கரைல எந்த ஊரு கோயில் திருவிழாவுல கபடின்னாலும் மைக்கு இந்த இஞ்ஞாசிதான். முத்துநகர் எக்ஸ்பிரஸ் வருது, ரயில்வே கேட்டப் போடுங்கன்னு நான் ஒரு குரல் குடுப்பேன். அவ கோட்டத் தொட்டு, சிலுவ போட்டுட்டு ரெய்டுக்கு ஏறுவா. சனம் அப்படியே எந்திரிச்சு நிக்கும். பெரியதாழைல இருந்து வந்த பத்தொம்பது வயசுப் பிள்ள. மொத வருசம் எல்லாப் பேப்பர்லயும் போட்டோ. பஸ் ஸ்டாண்டுல ஃப்ளெக்ஸ் வச்சாங்க.

ரெண்டாவது வருசமும் செயிச்சா. மூணாவது வருசம் பேப்பர்ல, மீண்டும் மெட்டில்டான்னு ரெண்டு வரி. அதுலயே ஒரு சலிப்பு இருந்துச்சு பாத்துக்கிடுங்க. நாலாவது வருசம் அவ டீம் இறங்குனாலே சனம் பஜ்ஜிக் கடைக்குப் போயிரும். கப்பு எங்க போகும்னுதான் தெரியும்லா, என்னத்தப் பாக்கன்னு. யூடியூப்காரன் ஒருத்தன் என் மேசைப் பக்கமே நிப்பான். இவ செயிக்கிற வீடியோவ எவன் அண்ணாச்சி பாக்கான், தோத்தா சொல்லுங்க, லட்சக்கணக்குல போகும்னான். பின்னால இருந்து ஒரு குரல், அது பொம்பளதானா, தோளப் பாருலேன்னு. நான் அத மைக்குல சொல்லல. ஆனா சிரிச்சேன். மைக்கு ஆன்ல இருக்கும்போது சிரிச்சேன்.

எங்க ஊரு செல்வின் இருக்கான்லா, ஆம்பளைங்க கபடில அவன் அஞ்சு வருசம் வரிசையாச் செயிச்சான். அஞ்சு வருசமும் தோள்ல தூக்கிட்டுப் போனோம். ஒருத்தனுக்கும் சலிக்கல. இத நான் இப்பத்தான் யோசிக்கேன். அப்பத் தோணல, பொய் சொல்லப்படாது.

எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு மேடம். ஆட்டம் நடக்கும்போதே ஆளுங்க துண்டுச் சீட்டுல எழுதி மைக்குக்கு அனுப்புவாங்க. இன்னாரைப் பிடிச்சா சில்வர் குடம், இன்னாரைப் பிடிச்சா குத்துவிளக்குன்னு. நான் வாசிப்பேன். சில பேரு பேர் போடாண்டாம்பாங்க. அதுக்குப் பேர் சொல்ல விரும்பாத அன்பர்னு வாசிக்கணும். அதத்தான் அவ கேக்கா, அந்த அன்பர் யாருன்னு.

அந்த நாலாவது வருசம் பைனல்ல அஞ்சு நிமிசம் பாக்கி. இவ டீம் பதினாறு பாயிண்டு முன்னால. சனம் பாதி கலஞ்சிட்டு. கமிட்டிக்காரன் என்னையப் பாத்து மொறைக்கான். அப்பத்தான் ஒரு சீட்டு வாசிச்சேன். எக்ஸ்பிரஸ மடக்குத பிள்ளைக்கு, பேர் சொல்ல விரும்பாத அன்பர் வழங்கும் மிக்ஸி ஒண்ணு. போன சனம் பூராவும் ஓடி வந்துட்டு. எதிர் டீமு சாயர்புரத்துப் பக்கம், எல்லாம் கஷ்டப்பட்ட பிள்ளைங்க. ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்காளுங்க.

மெட்டில்டா ரெய்டுக்கு ஏறுனதும் ஜெனிஸ்னு ஒரு பிள்ள காலப் பிடிச்சா. மிச்சம் ஆறு பேரும் மேல விழுந்தாளுங்க. முறையான பிடிதான், அந்தப் பிள்ளைங்கள ஒரு குத்தம் சொல்ல முடியாது. முட்டி திரும்பிட்டு. ஐயோன்னு ஒரே ஒரு சத்தம். சனம் கை தட்டுது மேடம். விசில் அடிக்குது. நாலு வருசமா அவ செயிச்சதுக்குத் தட்டுனத விட அன்னைக்கு ஜாஸ்தி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எக்ஸ்பிரஸ் தடம் புரண்டுட்டுன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்.

அவ சனத்தப் பாக்கல. என் மேசையப் பாத்தா. அண்ணாச்சி, மைக்க ஆஃப் பண்ணுங்கன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அடுத்த மாசம் அவளுக்கு ரயில்வே செலக்சன் இருந்துச்சு. போக முடியல. இப்ப ஹார்பர் பக்கம் எடைமேடைல லாரிக்குச் சீட்டு போடுதா, கால இழுத்து இழுத்து நடக்கா. அன்னைக்குக் கீழ வச்ச மைக்குதான், ஆறு வருசமா நான் தொடல. ஸ்பீக்கர் பெட்டி வாடகைக்கு விடுதேன், அதோட சரி. ஆனா அந்த யூடியூப்காரன் போட்ட வீடியோ ஓடிட்டே இருக்கு. பஸ்ல எவனாவது போன நோண்டுனா என் குரல் வருது. டீக்கடைல வருது. போன ஞாயித்துக்கிழம பூசைக்குப் போனா கோயில் வாசல்ல வருது, தடம் புரண்டுட்டு, தடம் புரண்டுட்டுன்னு. என் குரல்தான். ஆனா யாரோ ஒருத்தன் எனக்குள்ள உக்காந்து பேசுன மாதிரி இருக்கு. பயமா இருக்கு மேடம்.

அவ என்னைய எங்கன பாத்தாலும் என் வண்டிய நிறுத்திருவா. சண்டைக்கு இல்ல அண்ணாச்சி, அவரு யாருன்னு மட்டும் சொல்லுங்க, நான் அவருக்கு என்ன செஞ்சேன்னு கேக்கணும்பா. மறந்துட்டும்மான்னு சொல்லிட்டு வந்துருவேன்.

ஜெனிஸா? அவ அந்த மிக்ஸிய வாங்கல. மூணு தடவ மேடைக்குக் கூப்பிட்டேன். அழுதுக்கிட்டே வேன்ல ஏறிட்டா.

மிக்ஸியா? அந்தா, உங்களுக்குப் பின்னால, ஆம்ப்ளிபயருக்கு மேல ஒரு அட்டப்பெட்டி இருக்குலா, அதுதான். டேப்பு கூடப் பிரிக்கல. அந்தத் திருவிழாவுக்குப் புதுசா வீட்டுக்குன்னு வாங்கி இந்தக் கடைல வச்சிருந்தேன். அத வாசப்படி ஏத்தப்படாதுன்னுட்டா என் வீட்டுக்காரி. இன்னைக்கும் அம்மிலதான் அரைக்கா.

அன்னைக்கு எவனும் சீட்டு அனுப்பல மேடம். ஒண்ணும் எழுதாத தாளத்தான் வாசிச்சேன். சனம் எந்திரிச்சுப் போகுதேன்னு.

கைய எடுங்க, மைக்க ஆஃப் பண்ணாதீங்க. மெட்டில்டா இதக் கேக்கட்டும்.