பதில் இன்னும் வரவில்லை

தொலைபேசியில் என் குரல் நேரில் கேட்பதைவிட இளமையாக இருக்கும், ஐயா. சபையில் எல்லோரும் சொல்வார்கள். சிஸ்டர் பேசினால் அழுகிற பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும் என்று போதகரே ஒருமுறை மேடையில் சொல்லிச் சிரித்தார். ஜெப உதவி அறையில் என்னை உட்கார வைத்ததும் அதற்காகத்தான். புருஷனை இழந்தவள் வீட்டில் சும்மா இருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று அவருடைய மனைவிக்கும் என்மேல் இரக்கம்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. சபைக் கட்டடத்தின் மாடியில் ஒரு நீள அறை, அட்டைத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு தொலைபேசி. மனம் நொந்தவர்கள் கூப்பிடுவார்கள். நாங்கள் கேட்போம், கூடவே ஜெபிப்போம். பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது, அது அங்கே சட்டம். பாவத்தைச் சொல்லி அழுதால், ஆண்டவர் மன்னித்துவிட்டார், சமாதானமாகப் போங்கள் என்று சொல்லி வழியனுப்ப வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை பேரும் கூப்பிடுகிறார்கள் என்பது வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மனுஷனுடைய பெரிய தேவை சாப்பாடும் இல்லை, சுகமும் இல்லை, பாவமன்னிப்புதான் என்று போதகர் அடிக்கடி பிரசங்கம் பண்ணுவார். நான் அதை முழுசாக நம்புகிறேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

என் கணவர் செத்த கதை உங்கள் ஸ்டேஷன் பதிவிலேயே இருக்கும். மழை பெய்த ஒரு சாயங்காலம் பால் வாங்கப் போனவரை ஏதோ ஒரு வண்டி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அதை ஏன் என்னிடம் சொல்லித் தொலைத்தார் என்று அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு. துக்கம் கேட்க வந்த சபையார் எல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னித்துவிடு, மன்னித்துவிடு என்றார்கள். யாரை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆளே தெரியாமல் யாரைப் போய் மன்னிப்பது?

அப்புறம் ஒருநாள் அவன் கூப்பிட்டான்.

“அக்கா, நான் வேன் ஓட்டுறவன். மழையில ஒருத்தர இடிச்சுட்டேன். பயந்துபோய் நிக்காம வந்துட்டேன். அவரு செத்துத்தான் போயிருப்பாரு. ஆண்டவர் என்னை மன்னிப்பாராக்கா?”

எந்த ஊர், எந்த ரோடு என்று கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாது என்பது சட்டம், நான் சட்டத்தை மீறினதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. மழை, வண்டி, நிற்காமல் போனது. இதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்?

“ஆண்டவர்கிட்டருந்து பதில் இன்னும் வரல, தம்பி. நாளைக்குக் கூப்பிடுங்க” என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அதட்டவில்லை, சபிக்கவில்லை. மறுநாள் கூப்பிட்டான், பதில் வரவில்லை என்றேன். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னேன். வேறு யாராவது எடுத்தால் கடைசித் தடுப்பு அக்காவிடம் கொடுக்கச் சொல்லுங்கள் என்று சொன்னேன், பல வாய்க்குப் போனால் ஜெபம் நீர்த்துப்போகும் என்றேன். நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைத் தட்டாதவன். சபையில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்தில் கை நீட்டலாமா என்று கேட்டான். பொறுங்கள் என்றேன். தன் பெண் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாமா என்று ஒருநாள் கேட்டான். கூடாது என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் மனசாட்சி சொல்கிறபடி செய்யுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அவன் குழந்தையைத் தொடவில்லை என்பது பின்னால் அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. கணவர் போனதற்குப் பிறகு அப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டேன். மாடிப்படி ஏறும்போது வாயில் பாட்டு வந்தது. பக்கத்துத் தடுப்பில் இருக்கும் ரிட்டையரான டீச்சர், என்ன சிஸ்டர், முகம் கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறதே என்று கேலி செய்தார். ஒரு ஆத்துமா கையில் கிடைத்திருக்கிறது டீச்சர் என்றேன். ஸ்தோத்திரம் என்றார்.

ஒரு தடவை மட்டும் கொஞ்சம் பதறினேன். “போலீஸ்ல போய்ச் சொல்லிடட்டுமாக்கா? என்ன தண்டனைன்னாலும் வாங்கிக்கிறேன், பாரம் இறங்குனா போதும்” என்றான். உங்களிடம் வந்திருந்தால் ஜெயிலில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு நிம்மதியாக வெளியே வந்திருப்பான். அது எனக்கு நியாயமாகப் படவில்லை. மனுஷரிடம் ஓடுகிறவனை ஆண்டவர் எப்படி நம்புவார், முதலில் அவருடைய பதில் வரட்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

கடைசியாகக் கூப்பிட்டபோது அவன் அழவில்லை. “உண்மையச் சொல்லுங்கக்கா. எனக்கு மன்னிப்பே கிடையாதா?”

ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்கிற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது, மறைக்க மாட்டேன். தினமும் சொல்லிச் சொல்லிப் பழகினதால் வந்தது.

“சிலருக்குக் கிடையாது, தம்பி” என்றேன்.

“சரிக்கா. இத்தன நாள் பொறுமையா கேட்டீங்க, ரொம்ப நன்றிக்கா” என்று சொல்லிவிட்டு வைத்தான். மறுநாள் அவன் மனைவி கூப்பிட்டாள். அவன் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியைச் சொல்லி, அவருக்கு ஆறுதலாக இருந்த அக்கா நீங்கள்தானா என்று கேட்டு அழுதாள். அவளுக்காக நான் ஜெபித்தேன். மனதார ஜெபித்தேன்.

இப்போது நீங்கள் சொன்னதையும் கேட்டுக்கொண்டேன். அவன் இடித்தது வேறு ஊரில், வேறு ஆளை. அந்த ஆளும் சாகவில்லை. கால் எலும்பு முறிந்து, தேறி, வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவன் உங்களிடம் ஒரு நடை வந்திருந்தால் அன்றைக்கே இது தெரிந்திருக்கும் என்கிறீர்கள். தெரிந்திருக்கும்தான்.

ஆனால் நான் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதில் வரவில்லை என்று சொன்னேன், வரவில்லைதான். அவனுக்காக நான் ஒரு தடவைகூட ஆண்டவரிடம் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காததற்கு எப்படிப் பதில் வரும்?

போதகரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள், ஐயா. என் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்க வேண்டாம். என் கணவரை இடித்தவன் இன்னும் வெளியில்தானே இருக்கிறான். அவனுக்கும் பாரம் இருக்கும், ஒருநாள் தாங்க முடியாமல் கூப்பிடுவான். எடுக்கிறவர்கள் யாராவது அவசரப்பட்டு அவனை மன்னித்துவிடப் போகிறார்கள்.